தானமாக வந்த எலும்பு யாருக்குப் போனது? மருத்துவமனைகள் வைக்கும் கணக்கும் அதன் ஓட்டைகளும்

2021 ஜூன் 2 அன்று, அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவைகளில் பயன்பட்டு வந்த ஓர் எலும்புத் திசுப் பொருளின் ஒரே ஒரு தொகுதி திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொகுதி முழுவதும் ஒரே கொடையாளரின் எலும்பிலிருந்து தயாரானது; அவருக்கு இருந்த காசநோய் கண்டறியப்படாமலே போயிருந்தது. உயிருள்ள செல்கள் அழியாமல் இருக்க வேண்டிய பொருள் என்பதால், கிருமிகளை முற்றாக ஒழிக்கும் கதிர்வீச்சு போன்ற முறைகளுக்கு அதை உட்படுத்த இயலாது. 18 மாநிலங்களில் 113 பேரின் உடலில் அந்தத் தொகுதியின் 136 அலகுகள் வைக்கப்பட்டிருந்தன. அவர்களுள் பெரும்பாலோருக்குக் காசநோய் தொற்றியது, சிலர் உயிரிழந்தனர்.

அந்த 113 பேரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? குப்பியின் மேல் அச்சிட்ட ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அது எந்த மருத்துவமனைக்கு வந்தது, எந்த உறைபெட்டியில் இருந்தது, யார் எடுத்துக் கொடுத்தார், எந்த நோயாளியின் உடலுக்குள் போனது என்று கடைசி வரை சொல்ல முடிவதைத் தடமறிதல் என்கிறோம். சட்டங்கள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. மருத்துவமனைகளைச் சோதிக்க வரும் ஆய்வாளர்கள் இதற்கான பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஆனால் பதிவேடு ஒழுங்காக இருப்பதும், வேண்டிய நாளில் ஆளைக் கண்டுபிடிக்க முடிவதும் ஒன்றல்ல.

எது திசு, எது சாதனம்?

வெளியிலிருந்து வந்து நோயாளியின் உடலில் தங்கிவிடும் பொருள்களைச் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. குழப்பத்தின் முதல் காரணம் இதுதான்.

1. உறுப்புகள்: சிறுநீரகம், கல்லீரல், இதயம் முதலியவை. எடுத்த சில மணி நேரங்களுக்குள் பொருத்தியாக வேண்டியவை என்பதால் இவற்றை இருப்பு வைக்க முடியாது. இவற்றுக்குத் தனி அமைப்புகளும் தனிச் சட்டங்களும் உண்டு. இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று.

2. தானத் திசுக்கள்: எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, தோல், கருவிழி, இதய வால்வு, இரத்தக் குழாய், பிரசவத்தின்போது தானமாகப் பெறப்படும் பனிக்குட உறை ஆகியவை. திசு வங்கிகள் இவற்றைப் பதப்படுத்தி விநியோகிக்கின்றன. இவற்றுட் பல, ஆண்டுக்கணக்கில் இருப்பில் இருக்கக் கூடியவை.

3. உள்வைப்புச் சாதனங்கள்: செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர், ஸ்டென்ட், உலோகத் தகடு, திருகு, மார்பக உள்வைப்பு போன்ற, தொழிற்சாலையில் உருவாகும் பொருள்கள்.

4. நோயாளியின் சொந்தத் திசு: மூளை வீக்கத்துக்காக அகற்றி, பின்னொரு நாளில் திரும்பப் பொருத்துவதற்காக உறைநிலையில் வைக்கப்படும் மண்டையோட்டுத் துண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய எலும்புதானே என்று இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும் வழக்கம் உண்டு. உறைபெட்டியில் நான்கு பேரின் மண்டையோட்டுத் துண்டுகள் இருக்கையில் எது யாருடையது என்ற கேள்விக்கு அந்த வழக்கத்தில் விடை கிடையாது.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையிலான எல்லை தெளிவானதன்று. அமெரிக்க விதிகளின்படி, கொடையாளரின் எலும்புத் தூள் தனியாக வந்தால் திசு. அதை வேறொரு பொருளுடன் குழைத்துப் பசையாக்கி ஊசிக்குழலில் அடைத்தால் பெரும்பாலும் சாதனம். விலங்கிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தாலான விரிப்பும் சாதனக் கணக்கில்தான் வருகிறது. அறுவை அரங்கில் நிற்பவரின் கண்ணுக்கு இவை யாவும் ஒரே மாதிரியான பெட்டிகளே. திசுவுக்கு ஒரு பதிவேடு, சாதனத்துக்கு இன்னொன்று என்று வைத்திருக்கும் மருத்துவமனையில், எல்லையில் நிற்கும் பொருள்கள் இரண்டிலுமே ஏறாமல் போகின்றன. உடலுக்குள் தங்கும் எதுவாயினும் ஒரே பதிவில் ஏற்றி, வகையைப் பிறகு குறித்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

விதிகளுக்கு முன் நடந்தவை

இந்த விதிகளுள் எதுவும் அலுவலக மேசையில் முன்யோசனையாகப் பிறந்ததன்று. 1985இல் அமெரிக்காவில் இறந்துபோன ஓர் இளைஞரின் உடலிலிருந்து உறுப்புகளும் திசுக்களுமாக 58 தானங்கள் பெறப்பட்டன. எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் பரிசோதனையில் அவருக்குத் தொற்று இல்லை என்றே வந்தது. தொற்று ஏற்பட்டுச் சிறிது காலமே ஆகியிருந்ததால் பரிசோதனையில் அது சிக்கவில்லை. உண்மை வெளிவந்து, பெற்றவர்களைத் தேடத் தொடங்கியது 1991இல். 58இல் 52 தானங்களுக்கே மருத்துவமனைகளால் கணக்குக் காட்ட முடிந்தது. அடையாளம் காணப்பட்டவர்கள் 48 பேர். அவர்களுள் பரிசோதிக்கப்பட்டவர்கள் 41 பேர். உறுப்பு பெற்ற நால்வருக்கும், பதப்படுத்தாமல் உறையவைத்த எலும்பைப் பெற்ற மூவருக்கும் தொற்று இருந்தது. ஏனைய 34 பேருக்கு இல்லை. எதிலிருந்து தொற்றும், எதிலிருந்து தொற்றாது என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்டதும் இந்தத் தேடலின் வழியாகத்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1993 டிசம்பரில் திசுக்களுக்கான இடைக்கால விதியைக் கொண்டுவந்ததற்கு இது முக்கியப் பின்னணி.

சாதனங்களின் வரலாறும் இதே போன்றதே. 1979 முதல் 1986 வரை விற்கப்பட்ட ஒருவகைச் செயற்கை இதய வால்வு ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் தட்டைத் தாங்கும் சிறு கம்பி முறிந்தால் நோயாளி சில மணி நேரத்தில் இறக்க நேரிடும் என்பது தெரியவந்தபோது, அந்த வால்வைத் தாங்கியிருந்த பலரின் முகவரி யாரிடமும் இல்லை. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுப் பாதுகாப்பான மருத்துவச் சாதனச் சட்டம், குறிப்பிட்ட சில சாதனங்களை நோயாளி வரை தொடர்ந்து கணக்கில் வைத்திருக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியது. அப்படிப்பட்ட சாதனம் எந்த நோயாளியிடம் இருக்கிறது என்று எஃப்.டி.ஏ. கேட்டால், 10 வேலை நாள்களுக்குள் உற்பத்தியாளர் சொல்லியாக வேண்டும். இந்தத் தகவலை மருத்துவமனை அனுப்பியிருந்தால்தான் அவரால் சொல்ல முடியும்.

இந்தியாவிலும் இதன் கசப்பு தெரியும். 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். என்னும் உலோக இடுப்பு மூட்டு இங்கே ஏறத்தாழ 4,700 அறுவைகளில் பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு பின்னர் ஆராய்ந்தபோது, அதைப் பெற்றவர்களுள் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாத நிலைதான் இருந்தது.

பெயர் இல்லாத எண்

தடமறிதலில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. கொடையாளர் யார் என்பது பெற்றவருக்கோ மருத்துவமனைக்கோ தெரியக் கூடாது. ஆனால் தேவை வந்தால் ஒருவரிடமிருந்து மற்றவரை எட்ட முடிய வேண்டும். இதற்காக ஒவ்வொரு திசுவுக்கும் தனித்த அடையாளக் குறியீடு ஒன்று இடப்படுகிறது. 2005 மே 25 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க விதி, அந்தக் குறியீட்டில் கொடையாளரின் பெயரோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ மருத்துவப் பதிவு எண்ணோ இடம்பெறக் கூடாது என்கிறது. சொந்தத் திசு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. திசு வங்கிக்குக் கொடையாளரைத் தெரியும், மருத்துவமனைக்கு நோயாளியைத் தெரியும், இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது அந்த எண் மட்டுமே. எண்ணை மருத்துவமனை தவறாக எழுதிக்கொண்டால் இரு கரைகளும் அப்படியே இருக்க, நடுவில் பாலம் மட்டும் இல்லாமல் போகிறது.

ஒரே கொடையாளரிடமிருந்து பல திசுக்கள் எடுக்கப்படுவதால் கொடையாளர் குறியீடு ஒன்றும், ஒவ்வொரு அலகுக்கும் தனி வரிசை எண் ஒன்றும் சேர்ந்தே முழு அடையாளம் ஆகும். ஐ.எஸ்.பி.டி. 128 என்ற உலகத் தர முறையில் தான எண், இலக்கங்களும் எழுத்துகளுமாக 13 குறிகளால் ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் தானத்தையும் பொருளையும் சேர்த்துக் காட்டும் 40 குறிகளைக் கொண்ட ஒற்றைக் குறியீட்டை வகுத்துள்ளது. சாதனங்களுக்கு யு.டி.ஐ. என்ற தனித்துவச் சாதன அடையாளம் உண்டு. அமெரிக்காவில் 2013 செப்டம்பரில் இதற்கான விதி வெளியாகி, மிக அதிக ஆபத்துள்ள சாதனங்களுக்கு 2014 செப்டம்பரிலும், மற்ற உள்வைப்புகளுக்கு 2015 செப்டம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. யு.டி.ஐ.யில் இரு பகுதிகள். எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எந்த அளவு என்பதைச் சொல்வது முதற்பகுதி; தொகுதி எண், வரிசை எண், காலாவதி நாள் போன்றவற்றைச் சொல்வது இரண்டாம் பகுதி. திரும்பப் பெறல் அறிவிப்புகள் பெரும்பாலும் இரண்டாம் பகுதியை வைத்தே வருகின்றன. பொருள் வாங்கும் பிரிவின் கணினிகளோ பல வேளைகளில் முதற்பகுதியோடு நின்றுவிடுகின்றன.

வாயிலிலிருந்து அறுவை மேசை வரை

அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2005 முதல் திசுக்களுக்கெனத் தனித் தரங்களை வைத்துள்ளது. அவற்றை ஒட்டி, ஒரு மருத்துவமனை ஒவ்வொரு கட்டத்திலும் பதிய வேண்டியவை இவை.

1. வழங்குநர் சரிபார்ப்பு. திசு வங்கி அரசிடம் பதிவு பெற்றதா, உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை ஆண்டுதோறும் பார்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

2. பெற்றுக்கொள்ளல். உறை பிரிந்திருக்கிறதா, உலர்பனிக்கட்டி இன்னும் மிச்சம் இருக்கிறதா, வெப்பநிலை வரம்புக்குள் வந்ததா, காலாவதி நாள் என்ன என்பவற்றைப் பெறுபவர் தம் பெயரோடும் நேரத்தோடும் குறிக்க வேண்டும். இரவில் வந்த பெட்டியைக் காவலாளி வாங்கி ஓரமாக வைத்துவிட்டால், காலையில் எழுதும் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் பொருள் இல்லை.

3. சேமிப்பு. உறைந்த எலும்பை நீண்ட காலம் வைக்கப் பொதுவாக -40 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ வேண்டும். வால்வுகளும் குழாய்களும் திரவ நைட்ரஜனின் ஆவியில் இருக்கின்றன. நீர் நீக்கி உலர்த்திய எலும்பு சாதாரண அலமாரியில் இருக்கும். குளிர்பெட்டிகளுக்குத் தொடர் கண்காணிப்பும் எச்சரிக்கை மணியும் மாற்று ஏற்பாடும் தேவை. இங்கே ஒரு சின்ன வார்த்தை விளையாட்டு உண்டு. திசுவின் உறையில் ஒட்டிய சிட்டையில் ‘சுற்றுப்புற வெப்பநிலை’ என்று மட்டும் இருந்தால் அலமாரியின் வெப்பத்தைப் பதிய வேண்டியதில்லை. 15 முதல் 30 டிகிரி வரை என்பது போல ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருந்தால் பதிந்தாக வேண்டும். ஆய்வுகளில் குறை எழுதப்படுவதற்கு இதைப் படிக்காமல் விடுவதே போதுமானது.

4. வழங்கலும் ஆயத்தமும். யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார், எப்போது உருக வைத்தார் அல்லது நீரில் ஊறவைத்தார், அதற்குப் பயன்படுத்திய கரைசலின் தொகுதி எண் என்ன என்பவை.

5. பொருத்தல். தனித்த அடையாளக் குறியீடு நோயாளியின் பதிவில் ஏற வேண்டும். பெட்டிக்குள் வரும் ஸ்டிக்கர்களுள் ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும்.

6. பயன்பாட்டு அட்டை. நோயாளிக்கு வைக்கப்பட்டது என்ற தகவலைத் தாங்கி இது திசு வங்கிக்குத் திரும்பிப் போகிறது.

7. பயன்படாத திசு. கீழே விழுந்தது, உறை கிழிந்தது, காலாவதியானது, திருப்பி அனுப்பப்பட்டது என எதுவானாலும் அதன் முடிவும் எழுதப்பட வேண்டும். வந்தவை, வைக்கப்பட்டவை, கழித்தவை, இருப்பில் உள்ளவை என்ற நான்கும் கூட்டிக் கழித்துச் சரியாக வந்தால்தான் கணக்கு முடிந்ததாகப் பொருள்.

ஒரு பார்கோடை அருகில் நின்று பார்த்தால்

ஸ்கேனர் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மருத்துவமனை நிர்வாகங்களில் பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை.

சாதனப் பெட்டிகளில் பெரும்பாலும் காணப்படும் ஜி.எஸ்.1 முறையில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஓர் எண் வரும். 01 என்றால் அடுத்து வரும் 14 இலக்கங்கள் பொருளின் எண். 17 என்றால் அடுத்த ஆறும் காலாவதி நாள்; 17281130 என்பது 2028 நவம்பர் 30. 10 என்றால் தொகுதி எண். 21 என்றால் வரிசை எண். முதல் இரண்டுக்கும் நீளம் நிலையானது. தொகுதி எண்ணுக்கோ நிலையான நீளம் கிடையாது. ஆகவே அது எங்கே முடிகிறது என்று காட்ட, கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்று பார்கோடுக்குள் இருக்கிறது.

இப்போது தொகுதி எண் 4458 என்றும் வரிசை எண் 0077 என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்கேனரின் அமைப்பு சரியில்லாமல் அந்தப் பிரிப்புக் குறியைத் தவறவிட்டால், கணினிக்குக் கிடைப்பது 104458210077 என்ற ஒரே சரம். அது தொகுதி எண்ணை 4458210077 என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. திரை பச்சை நிறம் காட்டும். தணிக்கையில் ‘ஸ்கேன் செய்யப்பட்டது’ என்ற கட்டமும் நிரம்பிவிடும். மூன்று ஆண்டுகள் கழித்து 4458 என்ற தொகுதி திரும்பப் பெறப்படும் நாளில் அந்த எண்ணைத் தேடினால், அப்படி ஒன்று இந்த மருத்துவமனைக்கு வரவே இல்லை என்று கணினி சொல்லும். கையால் எழுதிய பதிவேட்டில் பிழை கண்ணுக்குப் படும், இதில் படாது.

இதனுடன், ஒரே பெட்டியின் மேல் உற்பத்தியாளரின் பார்கோடும் விநியோகிப்பவரின் பார்கோடும் அருகருகே இருப்பதும், மூன்று வெவ்வேறு குறியீட்டு முறைகள் ஒரே அலமாரியில் கலந்திருப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

கணக்கு அறுபடும் இடங்கள்

மேற்சொன்ன தொழில்நுட்பப் பிழைகளைவிட, பொருள் கிடங்கின் வழியாக வராமல் நேரே அரங்குக்குள் நுழைவதே பெரிய ஓட்டை. எலும்பு அறுவைகளிலும் முதுகெலும்பு அறுவைகளிலும், அன்று காலையில் நிறுவனப் பிரதிநிதி கொண்டுவரும் தட்டுகளிலிருந்தே உள்வைப்புகள் எடுக்கப்படுவது வழக்கம். எது பயன்பட்டதோ அதற்கு மட்டும் பிறகு பில் வரும். அந்தப் பொருள் மருத்துவமனையின் இருப்பில் ஒருபோதும் இருந்ததில்லை. அது வந்ததற்கான பதிவு இல்லாத நிலையில், அது எங்கே போனது என்ற கேள்வியை எழுப்பவும் யாரும் இல்லை. பிரதிநிதி எழுதித் தரும் தாளே ஒரே ஆதாரமாகிறது.

அடுத்தது திருகுகள். தட்டில் நூற்றுக்கணக்கில் அடுக்கி, தட்டோடு கிருமி நீக்கப்படும் சிறு திருகுகளுக்குத் தனித்தனி உறையும் கிடையாது, ஒட்டுவதற்கு ஸ்டிக்கரும் கிடையாது. ஒரு திருகு பயன்பட்ட இடத்தில் வேறு தொகுதித் திருகு வந்து அமர்ந்துகொள்ளும். எந்தத் தொகுதித் திருகு எந்த நோயாளியின் எலும்பில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலான மருத்துவமனைகளால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. விதியின் எழுத்துக்கும் அரங்கின் நடைமுறைக்கும் இடையே இவ்வளவு தூரம் வேறெங்கும் இல்லை.

நாடு தழுவிய பதிவகம் இருந்தால் இத்தகைய ஓட்டைகளுள் சிலவற்றை அடைக்கலாம். ஆனால் அதுவும் தொடர்ந்து இயங்க வேண்டும். பிரிட்டனில் 1993இல் தொடங்கிய மார்பக உள்வைப்புப் பதிவகம் 2006இல் மூடப்பட்டது. 2010 மார்ச்சில், பிரான்ஸ் நாட்டின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற சிலிக்கோனைப் பயன்படுத்தியது அம்பலமானபோது, அந்த உள்வைப்பைப் பெற்றிருந்த ஏறத்தாழ 47,000 பிரிட்டன் பெண்களைத் தேட அப்படி ஒரு பதிவகம் இயங்கிக்கொண்டிருக்கவில்லை. 2016இல் புதிய பதிவகம் தொடங்கப்பட்டது.

எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்?

அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. விதியும் ஜாயின்ட் கமிஷன் தரமும் திசுப் பதிவுகளை 10 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. பயன்படுத்தியது, கழித்தது, காலாவதியானது ஆகியவற்றுள் எது கடைசியோ அதிலிருந்து எண்ண வேண்டும் என்பது ஜாயின்ட் கமிஷனின் முறை. ஜப்பானில் இத்தகைய உயிரியல் பொருள்களின் பயன்பாட்டுப் பதிவை மருத்துவமனைகள் 20 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டின் திசு நெறிமுறையில் 30 ஆண்டுகள் என்றது.

இவற்றுள் முப்பதுக்கே காரணம் வலுவாக இருக்கிறது. மூளையை மூடும் கடின உறையைக் கொடையாளர்களிடமிருந்து எடுத்து மூளை அறுவைகளில் ஒட்டுப் போடப் பயன்படுத்தியதால், கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளைச் சிதைவு நோய் பரவியது. முதல் நோயாளி பற்றி 1987இல் அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் மட்டும் 140 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். ஒட்டுப் போட்டதற்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையே சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிலருக்கு 30 ஆண்டுகள் வரை ஆயிற்று. பத்தாம் ஆண்டு முடிந்த மறுநாள் பதிவேடுகளைக் கழித்துவிட்ட மருத்துவமனை விதியை மீறவில்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோரை அதனால் தேடியிருக்கவும் முடியாது.

வைத்திருப்பது என்றால் படிக்க முடியும்படி வைத்திருப்பது என்று பொருள். மருத்துவமனை மென்பொருளை மாற்றும்போது பழைய திசுப் பதிவேடு படக்கோப்புகளாகச் சேமிக்கப்பட்டால், எண்ணைக் கொண்டு அதில் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் முடியும்.

அறிவிப்பு வரும் நாளில்

திரும்பப் பெறல் அறிவிப்பு வந்ததும் மருத்துவமனை மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தேட வேண்டும்: இருப்பில் உள்ளவை, அரங்குக்கு எடுத்துச் செல்லப்பட்டு இன்னும் வைக்கப்படாதவை, நோயாளிகளுக்கு வைக்கப்பட்டவை. முதல் இரண்டையும் உடனே தனியே ஒதுக்கிப் பூட்ட வேண்டும். மூன்றாவதில் அறுவை மருத்துவர், தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு, நோயாளி என்ற வரிசையில் தகவல் போகிறது. எதிர்த்திசையிலும் இதே வேகம் தேவை. அறுவைக்குப் பின் காரணம் புரியாத தொற்று ஒன்று வந்தால், மருத்துவமனை திசு வங்கிக்குச் சொல்ல வேண்டும்; அதே கொடையாளரின் திசு வேறு எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் வங்கி சொல்ல வேண்டும்.

அனுபவமுள்ள ஆய்வாளர்கள் நெறிமுறைக் கோப்பைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து, அதிலுள்ள ஸ்டிக்கர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பெற்றுக்கொண்ட நாளின் வெப்பநிலைக் குறிப்பு வரை பின்னோக்கிப் போகிறார்கள். பிறகு உறைபெட்டிப் பதிவேட்டில் ஏதேனும் ஒரு வரியைத் தொட்டு, அது யாருக்குப் போனது என்று கேட்கிறார்கள். இந்தப் பயிற்சியை மருத்துவமனை தானே ஆண்டுக்குச் சில முறை செய்து பார்க்கலாம். அதிலும் பிரதிநிதி கொண்டுவந்த பொருள் ஒன்றையும், ஐந்தாண்டுக்கு முந்தைய ஒன்றையும் தேர்ந்தெடுத்தால்தான் ஓட்டைகள் தெரியும்.

நோயாளியின் கையில் என்ன இருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே 26 முதல் நடைமுறையில் உள்ள சாதன ஒழுங்குவிதிப்படி, உள்வைப்பு பெற்றவருக்கு அதன் பெயர், வரிசை எண் அல்லது தொகுதி எண், யு.டி.ஐ., உற்பத்தியாளர் முகவரி ஆகியவை கொண்ட அட்டை தரப்பட வேண்டும். தையல் இழை, பல் அடைப்பு, திருகு, தகடு, கம்பி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கணக்கு எளிதில் அறுபடும் திருகுகளே இந்த விலக்கிலும் இருக்கின்றன. தானத் திசுவுக்கான பயன்பாட்டு அட்டையோ நோயாளியிடம் வருவதில்லை. அது திசு வங்கிக்குப் போகிறது. ஆகவே எலும்பு ஒட்டு வைத்துக்கொண்டவர் தம் எண்ணை அறிய வேண்டுமானால், அறுவைக் குறிப்பில் ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பக்கத்தின் நகலை, மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி.